ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! அளக்காதவர்களிடம் கணக்குக் கேட்போம்



தண்ணீர் பில்லை இரண்டு மூன்று மாதம் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் அறிவிப்பு வரும். பிறகு ஆள் வருவார். குழாயை அடைத்துவிட்டுப் போவார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, படுத்த படுக்கையாகப் பெரியவர் கிடக்கிறாரா என்பதெல்லாம் அவருடைய வேலை இல்லை. அவர் கையில் ஒரு பட்டியல், பட்டியலில் உங்கள் கணக்கு எண், அவ்வளவுதான். நாற்பது வெள்ளி பாக்கி என்றாலும் பாக்கி பாக்கிதான்!

இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல வரவில்லை. வாங்கியதற்குக் காசு கொடுப்பது நியாயம். நம் மக்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாழ்ந்து வருகிறார்கள். நான் கேட்பது வேறு. நம்மிடம் காட்டும் இந்தக் கண்டிப்பில் பாதியாவது அவர்கள் தங்களிடமே காட்டுகிறார்களா?

இந்த நாட்டில் ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குழாயில் விடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாருடைய பில்லிலும் ஏறாமல் போகிறது. அண்மைய ஆண்டுகளில் தேசிய சராசரி 35 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. கிளந்தான், பெர்லிஸ், சபா மாநிலங்களில் அது பாதிக்கும் மேல். இதற்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் 'வருவாய் தராத நீர்'. எவ்வளவு நாகரிகமான பெயர், பாருங்கள்! நூறு வாளி இறைத்து முப்பத்தைந்து வாளியைத் தொலைத்துவிட்டு வரும் ஆளை நம் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். இங்கே ஆற்றிலிருந்து எடுப்பதையே சரியாக அளக்காமல், அளந்ததை நமக்குச் சொல்லாமல், கட்டணத்தை மட்டும் உயர்த்துகிறார்கள்.

கோயில் கணக்கும் கோடிக் கணக்கும்

'உள் கட்டுப்பாடு' என்று ஒரு சொல் இருக்கிறது. கணக்காய்வாளர்களும் நிறுவன இயக்குநர்களும் பேசும் சொல். படிக்காதவர்களுக்குப் புரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

உங்கள் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பணம் வசூலிப்பவர் ஒருவர். அவர் கையில் எண் போட்ட ரசீதுப் புத்தகம். பணத்தை வாங்கி வங்கியில் போடும் பொருளாளர் இன்னொருவர். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து. பந்தல் போட மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும், தலைவரின் மைத்துனருக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. வருட முடிவில் உட்கணக்காய்வாளர் ரசீதுகளைச் சரிபார்த்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கணக்கை வாசிக்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்து, "பூ செலவு எப்படி இவ்வளவு ஆனது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இதுதான் உள் கட்டுப்பாடு! ஒரே ஆள் வாங்கவும் கொடுக்கவும் எழுதவும் கூடாது. கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்க வேண்டும். எழுதியதை எழுதாத ஒருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததைப் பணம் கொடுத்தவர்களிடம் சொல்ல வேண்டும். தவறு கண்டால் நடவடிக்கை வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்த நம் தாய் தந்தையருக்கும் இது தெரியும். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எழுதும்போது, தராசு முள் எங்கே நிற்கிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்ற தலைமுறை அது. எழுத்துத் தெரியாதவர்களும் எடையைப் பார்க்கத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஏனென்றால் ஒரு ராத்தல் குறைந்தால் சம்பளம் குறையும்.

இப்பொழுது கேட்கிறேன். ஒரு கோயில் கமிட்டிக்கு நாம் போடும் இந்த விதிகள், கோடிக்கணக்கான வெள்ளியைக் கையாளும் தண்ணீர் வாரியத்துக்கும் மின்சார வாரியத்துக்கும் நடைமுறையில் இருக்கின்றனவா? ஏட்டில் இருக்கின்றன. நடப்பது என்ன என்று பார்ப்போம்.

முதல் ஓட்டை: அளவு

தண்ணீர் காணாமல் போவதெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. வழக்கறிஞர் என்ற முறையில் ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. அவை வெடிக்கின்றன, கசிகின்றன. தேய்ந்துபோன மீட்டர்கள் குறைத்துக் காட்டுகின்றன. தீயணைப்புக்குப் போகும் தண்ணீருக்குப் பில் இல்லை. திருட்டு இணைப்புகளும் இருக்கின்றன.

ஆனால் இதில் எது எத்தனை பங்கு? அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் நுழையும் பெரிய குழாயில் ஒரு மீட்டர் வைக்க வேண்டும். உள்ளே போனது எவ்வளவு, வீட்டு மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து காட்டுவது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். ஊரே உறங்கும் நள்ளிரவு இரண்டு மூன்று மணிக்கும் அந்தப் பெரிய மீட்டர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள். இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் தன் இழப்பைப் பத்து விழுக்காட்டுக்கும் கீழே வைத்திருக்கிறது. அங்கே மழையும் இதே மழைதான், மண்ணும் ஏறக்குறைய இதே மண்தான்.

நம் வீட்டு மீட்டரைப் படிக்க மாதாமாதம் ஆள் வருகிறார். அவர்களுடைய குழாயின் மீட்டரை மாதாமாதம் படித்து, இன்ன தாமானில் இவ்வளவு போனது என்று நம் முன்னால் வைப்பவர் யார்?

இரண்டாவது ஓட்டை: இரகசியம்

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். இது நீதிமன்றப் பதிவுகளில் உள்ள விஷயம்.

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மக்களுக்குத் தண்ணீர் விநியோகிக்கும் குத்தகை 2005ஆம் ஆண்டு தொடக்கம் சபாஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. முப்பது ஆண்டுக் குத்தகை. 2006 நவம்பரில் தண்ணீர்க் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. எதற்காக? தண்ணீர் இழப்பைக் குறைத்துக் காட்டினால் கட்டணத்தை உயர்த்தலாம் என்பது ஏற்பாடு. இழப்புக் குறைந்துவிட்டது, கணக்காய்வு அறிக்கையே அதைக் காட்டுகிறது என்றார்கள்.

நல்லது. அப்படியானால் அந்த அறிக்கையைக் காட்டுங்கள், குத்தகை ஒப்பந்தத்தையும் காட்டுங்கள் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கேட்டது. கொடுக்க மறுத்தார்கள். ஒப்பந்தம் இரகசியமாம்! கணக்காய்வு அறிக்கை அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டதாம்!

தொழிற்சங்கக் காங்கிரசும் சில பயனீட்டாளர்களும் 2007இல் நீதிமன்றம் போனார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் ஆவணங்களைக் கொடுக்கச் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட இவர்களுக்குத் தகுதி உண்டு என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆவணங்கள் கிடைக்கவில்லை.

ஏழு ஆண்டுகள்! மூன்று நீதிமன்றங்கள்! தண்ணீருக்குக் காசு கொடுக்கும் மக்கள், தண்ணீர்க் கட்டணம் ஏன் உயர்ந்தது என்ற தாளைப் பார்க்க முடியவில்லை. கோயில் கமிட்டித் தலைவர், "கணக்கை உட்கணக்காய்வாளர் பார்த்துவிட்டார், சரியாக இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் காட்ட மாட்டேன், சந்தாவை மட்டும் உயர்த்திக் கொடுங்கள்" என்று சொன்னால் விடுவீர்களா? கூட்டம் முடிவதற்குள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்!

சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் பெறும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தண்ணீர் விநியோகமும் பின்னர் மாநிலத்தின் ஆயர் சிலாங்கூர் கைக்கு வந்தது. இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் மாநிலச் சட்டம் கூட்டரசின் இரகசியப் பூட்டைத் திறக்காது. அந்தப் பூட்டு இன்றும் அங்கேயே தொங்குகிறது.

மூன்றாவது ஓட்டை: மேலிருந்து உடைப்பது

மின்சாரத்துக்கு வருவோம். 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்றது. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த இருட்டு நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, 1993இல், தனியார் நிறுவனங்களுக்கு மின்சாரம் உற்பத்தி செய்ய உரிமம் கொடுத்தார்கள். அவர்கள் உற்பத்தி செய்வதை தெனாகா நேஷனல் வாங்க வேண்டும். எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு என்ற கணக்கில் ஒப்பந்தங்கள்.

அப்பொழுது தெனாகாவின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் டான்ஸ்ரீ அனி அரோப். இந்த ஒப்பந்தங்கள் தெனாகாவுக்குப் பாதகம் என்று அவர் எதிர்த்தார். 1996இல் பதவியை விட்டு விலகினார். பத்தாண்டுகள் கழித்து அவரே பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகப் பேசினார். விலை பேசும் சுதந்திரம் தெனாகாவுக்கு இல்லை, நிபந்தனைகள் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவிலிருந்து முடிவாகி வந்தன என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தெனாகாவில் கணக்காய்வாளர்கள் இல்லையா? இருந்தார்கள். டெண்டர் விதி இல்லையா? இருந்தது. பத்து வெள்ளி பேனா வாங்கவும் படிவம் நிரப்ப வேண்டிய நிறுவனம் அது. ஆனால் பல ஆண்டுகளுக்கான பெரிய முடிவு அந்த விதிகளுக்கு மேலிருந்து வந்தது. கீழே எத்தனை பூட்டுப் போட்டாலும் மேல்மாடி சன்னல் திறந்திருந்தால் என்ன பயன்? உள் கட்டுப்பாடு என்பது மீட்டர் படிப்பவரின் கையைக் கட்டுவதற்கு மட்டும் இல்லை. முதலில் கட்ட வேண்டியது மேலே உள்ளவர்களின் கையை.

நான்காவது ஓட்டை: கண்டும் காணாத காவல்

2016 அக்டோபரில் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் சபா நீர் இலாகாவின் உயர் அதிகாரிகளைக் கைது செய்தது. கட்டுக் கட்டாக ரொக்கம், சொகுசுக் கார்கள், நகைகள். பத்து கோடி வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பணமும் சொத்தும் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் பணச் சலவைக் குற்றச்சாட்டுகள் நீதிமன்றம் போயின. குற்றவாளி யார், நிரபராதி யார் என்பதைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதில் நான் தலையிடவில்லை.

என் கேள்வி வேறு. ஓர் இலாகாவின் உயர் அதிகாரிகளிடமிருந்து இவ்வளவு பணத்தையும் சொத்தையும் கைப்பற்றும் நிலை வரும்வரை, அந்த இலாகாவின் உட்கணக்காய்வு என்ன செய்துகொண்டிருந்தது? குத்தகைகளுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், பில்லைச் சரிபார்த்தவர்கள், பணம் விடுவித்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் கண்ணிலும் எதுவும் படவில்லையா? அதே மாநிலத்தில்தான் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்கு மேல் பில்லில் ஏறாமல் போகிறது. மழைநீரைப் பிடித்துக் குடிக்கும் கிராமங்களும் அங்கேதான் இருக்கின்றன.

தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரே பல்லவிதான். மேற்பார்வை பலவீனம், திட்டம் தாமதம், வேலை முடியுமுன் பணம் கொடுக்கப்பட்டது. பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதும். நாடாளுமன்றத்தில் ஒரு நாள் சத்தம். பிறகு அடுத்த அறிக்கை வரும்வரை அமைதி. 2024இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தி, அரசாங்கத்தின் உத்தரவாதத்தில் கடன் வாங்கும் நிறுவனங்களையும் தலைமைக் கணக்காய்வாளர் சோதிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பவருக்கு அறுவைக் கத்தி கொடுக்கவில்லை. தவறு செய்தவரை இடமாற்றம் செய்வது தண்டனை ஆகாது. அது ஓட்டைப் பானையை வேறு வீட்டுக்குக் கொடுப்பது போன்றது.

நமக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டம்

இப்பொழுது நம் பக்கத்துக்கு வாருங்கள். 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் 38ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? மீட்டரில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று நிறுவனத்தின் ஊழியர் கருதி ஆதாரம் காட்டினால், அறிவிப்புக் கொடுத்து மின்சாரத்தைத் துண்டிக்கலாம். மூன்று மாதம்வரை துண்டித்து வைக்கலாம். இழந்த வருமானத்தை உங்களிடம் கேட்கலாம். எவ்வளவு என்று நிறுவனத்தின் ஊழியர் எழுதி, நிறுவனம் சான்றளிக்கும் அறிக்கையே முதல்நிலைச் சான்று. அது தவறு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

மீட்டர் அவர்களுடையது. முத்திரை அவர்களுடையது. அதைப் படிப்பவர் அவர்களுடைய ஆள். பழுது என்று சொல்பவரும் அவரே, தொகை போடுபவரும் அவரே, துண்டிப்பவரும் அவரே! வாங்குபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த விதி இங்கே எங்கே போனது?

மின்சாரத் திருட்டு உண்மையிலேயே நடக்கிறது. வாடகைக்கு எடுத்த கடைகளிலும் வீடுகளிலும் பிட்காயின் இயந்திரங்களை ஓட்டிக் கோடிக்கணக்கில் திருடும் கும்பல்கள் இருக்கின்றன. அவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் பழைய தாமானில் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்த லாரி ஓட்டுநருக்கு, முன்பு குடியிருந்தவன் செய்த வேலைக்குப் பல ஆயிரம் வெள்ளி கேட்டுக் கடிதம் வந்தால், அவர் எந்த இஞ்சினியரை வைத்து மறுப்பார்?

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மீட்டர் படிப்பது நின்றது. உத்தேசமாகப் பில் போட்டார்கள். பிறகு படித்தபோது பல வீடுகளுக்கு வந்த பில்லைப் பார்த்து நாடே கூச்சலிட்டது. எல்லாரும் வீட்டில் இருந்ததால் பயன்பாடு கூடியது என்று விளக்கம் கொடுத்தார்கள். அது பல வீடுகளுக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் தன் மீட்டர் எண்ணைத் தானே எழுதி வைத்திருந்தவர் எத்தனை பேர்? எழுதி வைக்காதவரால் அந்த விளக்கத்தை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

நம்மில் பலர் வாழும் மலிவு விலை அடுக்குமாடிகளின் கதை இன்னும் மோசம். கட்டடம் முழுவதற்கும் ஒரே தாய் மீட்டர். நீங்கள் மாதாமாதம் நிர்வாகத்திடம் ஒழுங்காகக் கட்டுவீர்கள். நிர்வாகம் தண்ணீர் நிறுவனத்துக்குக் கட்டாது. ஒருநாள் கட்டியவனுக்கும் கட்டாதவனுக்கும் சேர்த்துத் தண்ணீர் நிற்கும். 2008 ஜூனில் சிலாங்கூர் அரசு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசம் என்று அறிவித்தபோது, தனி மீட்டர் உள்ள மாடி வீட்டுக்காரருக்குக்கூட அது உடனே கிடைத்தது. தாய் மீட்டரில் தொங்கிய ஏழைகள் தனி மீட்டருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழைக்கென்று சொன்ன திட்டம் ஏழையிடம் கடைசியாக வந்தது! யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பதும் உள் கட்டுப்பாடுதான்.

தோட்டங்களில் இன்னும் குடியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் போதிய அளவிலும் தர வேண்டும். போதிய மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இது நிர்வாகத்தின் தயவு அல்ல, சட்டம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

"கட்டணம் குறைவு" என்ற வாதம்

இதற்கெல்லாம் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "தண்ணீர்க் கட்டணம் குறைவு, அதனால்தான் குழாய் மாற்றப் பணம் இல்லை" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. குழாய் மாற்றப் பணம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தைச் சராசரியாகக் கன மீட்டருக்கு 22 சென் உயர்த்தினார்கள். நாமும் கட்டுகிறோம்.

ஆனால் ஒழுகும் வாளியில் இன்னும் வேகமாக ஊற்றினால் வாளி நிறையுமா? கூடுதலாகக் கொடுத்த காசில் எத்தனை கிலோமீட்டர் குழாய் மாறியது? எந்த வட்டாரத்தில் இழப்பு எத்தனை குறைந்தது? குறைந்தது என்று சரிபார்த்தவர் யார்? 2006இல் இதே கேள்விக்குப் பதில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. இனிவரும் உயர்வுக்கும் பதில் அலமாரிக்குள்தான் இருக்கும் என்றால், நாம் கொடுப்பது கட்டணம் அல்ல, காணிக்கை!

இன்னொன்றையும் கவனியுங்கள். குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எந்த வேலை செய்யாமலே செய்ததாக எழுதப்பட்டது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குழி தோண்டுபவர், மீட்டர் படிப்பவர், குத்தகையாளரிடம் நாள் கூலிக்கு நிற்பவர். வாய் திறந்தால் வேலை போகும் என்ற பயம். தகவல் கொடுப்போரைப் பாதுகாக்க 2010இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அமலாக்கத் துறையிடம் சொல்பவருக்குத்தான். பத்திரிகையில் சொன்னால், முகநூலில் எழுதினால் அந்தக் குடை உங்கள் தலைக்கு மேல் விரியாது. ஆகவே சொல்ல நினைப்பவர்கள் எங்கே சொல்வது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

நாம் கேட்பது

சலுகை கேட்கவில்லை. பிச்சை கேட்கவில்லை. இந்த ஐந்தைக் கேட்கிறோம்:

1. ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ளே போன தண்ணீர், பில் போட்ட தண்ணீர் இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் மொழியில் வெளியிட வேண்டும்.

2. கட்டண உயர்வுக்கு ஆதாரமான கணக்காய்வு அறிக்கையை உயர்வு அமலாகுமுன் வெளியிட வேண்டும். தண்ணீர், மின்சாரக் குத்தகை ஒப்பந்தங்களை அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும்.

3. உட்கணக்காய்வாளர் நிறுவனத் தலைவருக்குக் கீழே கைகட்டி நிற்கக் கூடாது. அவருடைய அறிக்கை வாரியத்தின் சுயேச்சை உறுப்பினர்களுக்கும் தலைமைக் கணக்காய்வாளருக்கும் நேராகப் போக வேண்டும்.

4. மீட்டர் தகராறில் நிறுவனம் தானே சாட்சியும் தானே நீதிபதியுமாக இருக்கக் கூடாது. துண்டிக்கும் முன் சுயேச்சையான சோதனை வேண்டும். அந்தச் செலவு ஏழையின் தலையில் விழக் கூடாது.

5. மலிவு விலை அடுக்குமாடிகளில் தாய் மீட்டர் முறை ஒழிய வேண்டும். வீட்டுக்கு ஒரு மீட்டர், வீட்டுக்கு ஒரு பில்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.

மாதத்தில் ஒரே தேதியில் உங்கள் தண்ணீர் மீட்டரையும் மின் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பில்லில் 'உத்தேசம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள், கணக்கும் கற்றுக்கொள்வான்.

புது வீட்டுக்கு வாடகைக்குப் போகும்போது, பெட்டி இறக்குவதற்கு முன் மீட்டரையும் அதன் முத்திரையையும் தேதியோடு படம் எடுங்கள். பிறகு கடிதம் வந்தால் அந்த ஒரு படம் உங்களைக் காப்பாற்றலாம்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தண்ணீருக்கு ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் இருக்கிறது, மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையம் இருக்கிறது. புகார் எண்ணோடு போனால்தான் அங்கே கதவு திறக்கும்.

சிலாங்கூரில் இருப்பவர்கள், இலவசத் தண்ணீர் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். 2020 முதல் அது வருமான வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பம் செய்து பெறுவது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

கடைசியாக ஒன்று. அடுக்குமாடியில் இருப்பவர்களே, உங்கள் கூட்டு நிர்வாகக் குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறீர்கள்? 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி தணிக்கை செய்த கணக்கை அந்தக் கூட்டத்தில் வைக்க வேண்டும். தண்ணீருக்கு வசூலித்தது எவ்வளவு, தண்ணீர் நிறுவனத்துக்குக் கட்டியது எவ்வளவு, மீதி எங்கே என்று நீங்கள் எழுந்து கேட்கலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் சாதிக்காரராக இருக்கலாம், உங்கள் கட்சிக்காரராக இருக்கலாம், தீபாவளிக்கு அரிசி கொடுத்தவராக இருக்கலாம். கேளுங்கள்! நம் கட்டடத்தின் கணக்கைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் புத்ராஜெயாவின் கணக்கை எப்படிக் கேட்கப் போகிறோம்?

அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மலாய்க்காரராக இருந்தாலும் சீனராக இருந்தாலும், அவர் வீட்டுக் குழாயும் நம் குழாயும் ஒரே குழாய்தான்.